அவன் பெயரையும் கொடுத்துவிட்டேன், அக்கா

அக்கா,

நவம்பர் 2, இறந்தவர்களுக்கான சேமக்காலைப் பூசைக்குப் பெயர்கள் எழுதிக் கொடுத்தேன். அப்பா, அம்மா, பெரியம்மா. நாலாவதாகத் தம்பி. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் போன வருடம் போலப் பேனாவை மூடியிருப்பேன். மன்னியுங்கள். ஆனால் பெயரை வெட்டமாட்டேன்.

காணி விஷயம் இங்கே வேண்டாம். பங்குச் சனம் வாசிக்கும். அவன் செய்தது பிழை, அவ்வளவுதான் சொல்வேன்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு எனக்கு இன்னும் போகவில்லை. மழை. வலிகாமமே அந்த ஒரு வீதியில் நின்றது. நாவற்குழிப் பாலம் தெரிகிற இடத்தில் அப்பா திரும்பிப் பார்த்தார், தம்பியைக் காணோம். சைக்கிளை உங்கள் கையில் தந்து, "பிடி பிள்ளை, வந்திடுவன்" என்றுவிட்டு, வருகிற சனத்துக்கு எதிராக நடந்தார். உங்களுக்குப் பதினாறு. ஒரு கையில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிள், மறு கையில் என் மணிக்கட்டு. அம்மா வீதிக்கரையில் செபமாலையோடு இருந்துவிட்டா. நீங்கள் அழவில்லை. விடியப் போகும் நேரம் அப்பா அவனைத் தோளில் சுமந்து வந்தார். எல்லாரும் அவனைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். உங்களை யாரும் பார்க்கவில்லை. உங்கள் விரல் பதிந்த தடம் என் கையில் அடுத்த நாளும் இருந்தது.

காணாமற்போன ஆட்டைப் பற்றிச் சுவாமி பிரசங்கம் வைக்கும்போதெல்லாம், "மேய்ப்பர் மற்ற 99 ஆட்டையும் எங்கே விட்டவராம்?" என்று என் காதில் கேட்பீர்கள். பாலைநிலத்தில்தான். லூக்கா 15 அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது, அக்கா. ஆனால் அதே அதிகாரத்தின் கடைசியில், உள்ளே வரமாட்டேன் என்று நிற்கிற மூத்த மகனைக் கெஞ்சிக் கூப்பிடத் தகப்பன் வெளியே வருகிறார். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளையவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அதே தகப்பன். உங்களிடம் அப்படி யாரும் வரவில்லை, நானும் வரவில்லை. அதற்குத் தம்பி என்ன செய்வான்? அவனுக்கு எட்டு வயது.

அப்பாவின் கல்லறைக்கு மாபிள் போடக் காசு அனுப்பினீர்கள். பக்கத்தில் மண்மேடாகக் கிடப்பவனுக்கு ஒரு சதமும் இல்லை என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நம் திருச்சபை புனிதர்களைப் பெயர் சொல்லி அறிவிக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. இறந்தபின் பாவக்கடன் தீர உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக மன்றாடு என்றுதான் சொல்லித் தந்தது. திருச்சபையே எழுதாத தீர்ப்பை நாம் இரண்டு பேர் எழுதினோம்.

ஆம், நானும்தான். நீங்கள் கனடாவிலிருந்து பேசாமல் இருந்தீர்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு படலைதான். கடைசியாக வந்த இரவு "சின்னக்கா" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். குடித்திருந்தான். நான் லைற்றை நிப்பாட்டிவிட்டு இருட்டில் இருந்தேன். அப்பா சனத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தேடினவனுக்கு நான் படலை திறக்கவில்லை. இதை உங்களிடம் இன்றுதான் சொல்கிறேன், அதுவும் எல்லாரும் பார்க்க.

அவனுடைய மரச்சிலுவை உக்கிவிட்டது. புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் அவன் படம் ஒன்றும் இல்லை. முதல் நற்கருணை அன்று உங்கள் பக்கத்தில் நின்று எடுத்த படம் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அதைக் கிழித்திருக்க மாட்டீர்கள். அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி