5 வயது ஆகும் நாளில்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை யு.கே.ஜி. வகுப்புச் சிறுமி ஒருத்தி, மணி அடிக்கும் முன்பே என் அறை வாசலில் வந்து நின்றாள். அன்று அவளுக்கு 5 வயது நிறைந்திருந்தது. புதுப் பாவாடை, கையில் மிட்டாய்ப் பொட்டலம். முகம் மட்டும் வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அப்பா வந்தால் என்னை அடையாளம் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

அவளுடைய அப்பா ஆழ்கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் கரை திரும்ப எத்தனை நாளாகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 4 வயதில் விட்டுப்போன மகள் 5 வயதில் வேறு ஆளாகிவிடுவாள் என்று அந்தக் குழந்தை உண்மையாகவே பயந்திருக்கிறது. அவளைச் சுவரோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். இந்த வயதில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் உயரம் கூடும். ஸ்கேலில் அரை சென்டிமீட்டரைக் காட்டி, "அப்பா போன பிறகு நீ வளர்ந்தது இவ்வளவுதான்" என்றேன். அந்தச் சிறு இடைவெளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மிட்டாய் கொடுத்தாள். அவளுடைய அம்மாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

நம் தாத்தா காலத்தில், தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். வயது உடம்பில் தெரியும் என்று பெரியவர்களே நம்பியிருக்கும்போது, குழந்தை நம்புவதில் வியப்பில்லை.

இன்னொரு பையன் வகுப்பில் அழுதான். அரசு பஸ்ஸில் 5 வயது நிறைந்தால் அரை டிக்கெட். அம்மா கண்டக்டரிடம் 4 வயது என்று சொல்லிவிட்டாராம். அந்தத் தாயின் கஷ்டம் எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் தன் பெயருக்கென்று ஒரு டிக்கெட் கிழிக்கப்படும் என்று அவன் ஒரு வருடமாகக் காத்திருந்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். "5 வயதாகட்டும், விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகலாம்" என்று சொல்லியிருந்தால் அழைத்துப் போங்கள். முடியவில்லையென்றால் காலண்டரில் வேறொரு நாளைக் காட்டி, அன்று கட்டாயம் போங்கள். "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி அழக்கூடாது, தம்பிக்கு விட்டுக்கொடு" என்பதைப் பிறந்தநாளன்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதற்குப் பதில் வீட்டில் ஒரு வேலையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்: கோழிக்குத் தீனி போடுவது, பாட்டிக்கு வெற்றிலைச் செல்லம் எடுத்துக் கொடுப்பது, எதுவானாலும் சரி.

பள்ளியில் இனி பிறந்தநாள் குழந்தைதான் காலை மணியை அடிக்கும். எட்டாதவர்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறோம். அலுவலக அறைச் சுவரில் அவரவர் உயரத்துக்கு ஒரு கோடும் போடுவோம்.

படகு கரைக்கு வந்ததும் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து வரும்படி அந்தச் சிறுமியிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய கோட்டை அவளே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்