71 வந்தால் 71 என்றே எழுதட்டும்

அன்புள்ள கயல்,

பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம், அதாவது ஒரு கிராம் பனிக்கட்டி உருகத் தேவையான வெப்பம், 80 கலோரிக்குப் பதில் 64, 71 என்று வந்தாலும் உன் பிள்ளைகள் நோட்டில் 80 என்று எழுதிவிடுகிறார்கள் என்றாயே, அதற்கு மட்டும் இடம் கொடுக்காதே, கண்ணு. வந்ததை எழுதட்டும். மீதி எங்கே போனது என்று தேடுவதில்தான் பாடமே இருக்கிறது.

முதலில் பனிக்கட்டியைப் பார். கையால் எடுத்து கலோரிமானியில், அதாவது வெப்பம் அளக்கும் செம்புக் கிண்ணத்தில் உள்ள தண்ணீரில், போட்டால் ஈரத்தோடுதான் உள்ளே போகும். அந்த ஈரம் ஏற்கெனவே உருகிய நீர். உருக வெப்பம் கேட்காது, ஆனால் எடையில் பனிக்கட்டியாகச் சேர்ந்துவிடும். 10 கிராமில் 1 கிராம் அப்படி இருந்தால் போதும், 80 என்பது 72 ஆகிவிடும். மை ஒற்றும் தாளில் புரட்டித் துடைத்து, தாளாலேயே பிடித்து, தண்ணீர் தெறிக்காமல் நழுவவிடச் சொல்.

அப்புறம், கலோரிமானித் தண்ணீரை அறையின் சூட்டைவிட 5 டிகிரி மேலே தொடங்கி 5 டிகிரி கீழே முடிக்கட்டும். முதலில் வெளியே போகும் வெப்பம் பிறகு ஏறக்குறைய உள்ளே வந்துவிடும். மழைநாளில் கலோரிமானியின் வெளிப்புறம் வியர்க்கிறதா என்றும் பார். படியும் ஈரம் செம்புக்குச் சூடு கொடுக்கும்.

நீராவியின் உள்ளுறை வெப்பத்தை அளக்கும் சோதனையில் உங்கள் ஊட்டியின் உயரம் குறுக்கே வரும். 2,200 மீட்டருக்கு மேல், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பிள்ளைகள் பழக்கத்தில் 100 என்று போடுவார்கள். தெர்மாமீட்டர் காட்டுவதைப் போடச் சொல். துணியில்லாமல் நீராவிக் குழாயைத் தொடாதே, யாரையும் தொடவிடாதே.

உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி ஜோசப் பிளாக்கின் கணக்கையும் அவசியம் சொல். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்தது அது. 1761இல், கிளாஸ்கோவில், இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் சம அளவு தண்ணீர் எடுத்தார். ஒன்றை உறையவைத்தார், மற்றதைக் குளிர மட்டும் செய்தார். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்தார். குளிர்ந்த நீர் அரைமணி நேரத்தில் 33இலிருந்து 40க்கு, 7 ஃபாரன்ஹீட் டிகிரி ஏறியது. பனிக்கட்டி உருகி அதே சூட்டுக்கு வர பத்தரை மணி நேரம் ஆனது. அதாவது 21 அரைமணி. 21ஐ 7ஆல் பெருக்கினால் 147. பனிக்கட்டி உருகிய பிறகு 32இலிருந்து 40க்கு ஏறிய 8 டிகிரியைக் கழித்தால் 139. 1.8ஆல் வகுத்தால் நம் செல்சியஸ் அலகில் சுமார் 77! தெர்மாமீட்டரும் கடிகாரமும் வைத்தே அவ்வளவு கிட்டே போய்விட்டார்.

உன் ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். ஒரு சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கிவிடு, இருட்டும்வரை ஆகலாம். அளவுகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு, நானும் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா