ஊட்டியில் ஓடாத டீஹியூமிடிஃபையர்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் பில்லில் இருக்கின்றன),
உதகமண்டலம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஊட்டிக் குளிருக்கு ஒத்துவராத ஈரம் உறிஞ்சும் மெஷினை விற்றது, சர்வீஸ் என்ற பெயரில் அலைக்கழித்தது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மாடல் எண்ணை இதில் எழுதவில்லை. நீங்கள் செய்து விற்கும் பொருள்தானே. வெள்ளை நிறம், தலையில் நீல விளக்கு வளையம், பின்பக்கம் தண்ணீர் டேங்க். போன் செய்த ஒவ்வொரு தடவையும் மாடல் எண், சீரியல் எண், பில் எண், பின்கோடு என்று முதலிலிருந்து ஒப்பித்து அலுத்துவிட்டது. இந்தத் தடவை நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கால் சென்டரில் இருக்கும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை என்னால் நிதானமாக எழுத முடியாது. மெஷினைக் கோவையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு வந்த பிறகு நான் போன் செய்தபோது, "மெஷின் கோயம்புத்தூர்ல நல்லா ஓடுச்சுன்னு ஜாப் ஷீட்லயே போட்டிருக்கே மேடம். அப்போ பிரச்சனை மெஷின்ல இல்ல, உங்க ஊர்ல. பேசாம கோயம்புத்தூருக்கு வீடு மாத்திடுங்க" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டார். வேறு உதவியா? முதல் உதவியே இன்னும் வந்து சேரவில்லையே தம்பி!

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கவுன்ட்டருக்கு வந்த எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். ஒருவரிடமும் ஊரை மாற்றிக்கொள் என்று நான் சொன்னதில்லை. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள் அல்லவா, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு பழைய கல் சுவர் வீடு. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவரில் கை வைக்க முடியாது, ஈரம் கையோடு வரும். உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிரும், துவைத்த துணி நாள்கணக்கில் கொடியிலேயே கிடந்து நாறும். ஊட்டியில் பல வீடுகளில் செய்வதுபோல நானும் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்துத்தான் துணிமணிகளைக் காப்பாற்றி வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இளைப்பு அதிகமானபோது, சுவர்ப் பூஞ்சையைக் குறைக்காமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். 88 காட்டியது.

அதன்பிறகுதான் உங்கள் விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்தேன். வாங்குவதற்கு முன்னால் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மெஷின் சரியாக இருக்கும் என்று கேட்டதற்கு அந்தப் பெண் அறை எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டார். குளிர் எவ்வளவு, வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஒரு கேள்வி இல்லை. ஊட்டி என்று நானாகத்தான் சொன்னேன். "ஊட்டியா? சூப்பர் மேடம், அங்கதான் இது நல்லா யூஸ் ஆகும்" என்றார். நாளுக்கு 12 லிட்டர் தண்ணீரை உறிஞ்சும் என்றார். பல்பைக் கழற்றிவிடுங்கள், ஆபத்து, இனி அது தேவையே இல்லை என்றும் சொன்னார். 17,990 ரூபாய் கட்டினேன்.

மெஷின் வந்தது. நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் விட்டு, உங்கள் புத்தகத்தில் போட்டிருந்தபடியே ஓட்டினேன். இரவு முழுக்க ஓடியது. காலையில் டேங்கில் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர். அதுவும் காபி டம்ளர். 12 லிட்டர் எங்கே என்று தேடினேன்.

பின்பக்கத்து ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே காயில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) முழுக்க வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. அப்புறம் சிவப்பு விளக்கு எரியும், கம்ப்ரஸர் நின்றுவிடும், ஃபேன் மட்டும் சுற்றும், ஐஸ் உருகும். உருகி முடித்து மறுபடி கொஞ்ச நேரம் உறிஞ்சும், மறுபடி ஐஸ். மழைக்காலம் முழுக்க இதே கதைதான். மின்சாரம் மட்டும் தவறாமல் ஓடியது.

இதைச் சொன்னபோது உங்கள் ஆட்கள் தந்த யோசனைகள்: ஒருவர் ஜன்னலை இறுகச் சாத்தச் சொன்னார். அடுத்தவர் காற்றோட்டம் வேண்டும், திறந்து வையுங்கள் என்றார். இன்னொருவர் ஃபில்டரைக் கழுவச் சொன்னார், புது மெஷினில். ஊட்டி மழையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட்டச் சொன்னவர் இந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா?

வீட்டுக்கு டெக்னீஷியனை அனுப்புங்கள் என்று கேட்டேன். நீலகிரிக்கு வண்டி வர இ-பாஸ் வேண்டும், அதனால் வர முடியாது என்று பதில். 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது, எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆன்லைனில் எடுக்கலாம், கட்டணம் கிடையாது. சுற்றுலா வருகிற குடும்பங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு வருகின்றன, உங்கள் டெக்னீஷியனுக்கு மட்டும் முடியவில்லை. அரசு பஸ்ஸில் ஏறினால் அதுவும் தேவையில்லை. அப்படித்தானே நாங்கள் கீழே போனோம்.

ஆமாம், அந்தப் பயணம். "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் உடனே சரிசெய்து தருவோம்" என்று சொன்னதை நம்பி, என் தம்பி மகனை லீவு போடச் சொல்லி, 15 கிலோ எடையுள்ள மெஷினைப் பஸ்ஸில் ஏற்றினோம். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் இடம் மாறிவிடும் என்று உங்கள் புத்தகமே சொல்வதால், அவன் கொண்டை ஊசி வளைவு முழுக்க அதை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். பர்லியார் பக்கம் மரம் விழுந்து அரை நாள் அங்கேயே நின்றோம். கோவை போய்ச் சேர்ந்தால் உங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். காத்திருந்தோம்.

வந்து மெஷினைப் போட்டார்கள். என்ன அருமையாக ஓடியது தெரியுமா! அந்த அறை 30 டிகிரிக்கு மேல், வியர்த்துக் கொட்டுகிறது. டேங்கில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கிறது. "பாருங்கம்மா, சூப்பரா ஓடுது" என்றார் டெக்னீஷியன். பாவம், அவர் மரியாதையான மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஜாப் ஷீட்டில் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதி, பரிசோதனைக் கட்டணம் 590 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஊட்டி வீட்டில் ஓடாத மெஷின் கோவையில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க நான் 590 ரூபாய் கட்டியிருக்கிறேன். அந்த ஜாப் ஷீட்டை வைத்துத்தான் அந்தப் பையன் என்னை வீடு மாற்றச் சொன்னது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

உங்களில் ஒருவரும் சொல்லாததை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் சொன்னார். இங்கே இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் ஏசி பிளான்ட்டில் வேலை பார்த்தவர். ஃபிலிம் தயாரிக்கும் இடத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பதே பாதி வேலை என்பார். மெஷினின் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "12 லிட்டருக்கு மேல ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்கம்மா" என்றார். எறும்பு மாதிரி எழுத்தில் கீழே இருந்தது: 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில். 30 டிகிரி! ஜூலையில் எங்கள் ஊரில் பகலிலேயே 17, 18-ஐத் தாண்டினால் அதிசயம். வீட்டுக்குள் 14, 15.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் கால் சென்டருக்கும் ஒரு நகல் கொடுங்கள். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம் தேறாது. எடுப்பதற்குச் சரக்கே பாதிக்கும் குறைவு. அதோடு, கம்ப்ரஸர் வகை மெஷின் காற்றில் உள்ள ஈரத்தைப் பிடிக்கக் காயிலைக் காற்றைவிட நன்றாகக் குளிரவைக்க வேண்டும். 30 டிகிரி அறையில் அது தண்ணீராக வடியும். 14, 15 டிகிரி அறையில் காயில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, வடிய வேண்டியது ஐஸாகக் கட்டிக்கொள்ளும். குளிர் ஊருக்கு ரோட்டர் வகைதான் பொருத்தம். அதில் ஜியோலைட் என்ற தாது பூசிய சக்கரம் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதைக் காயவைக்கும், ஐஸ் கட்ட வழியே இல்லை. மின்சாரம் அதிகம் இழுக்கும் என்றாலும் வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஊட்டிக்காரர்களுக்கு அது கசக்குமா?

உங்கள் வெப்சைட்டிலேயே ரோட்டர் வகை ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்குத் தெரியும். உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஊட்டி என்று சொன்ன பிறகும் தெரிந்தே எனக்கு இதைத் தலையில் கட்டினீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தெரியாமல் விற்றோம் என்று சொன்னால் அது இன்னும் கேவலம்.

நஷ்டத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். பல்பைக் கழற்றச் சொன்னீர்கள், கழற்றினேன். ஆடி முடிந்து பீரோவைத் திறந்தால் என் கல்யாணக் கூறைப்பட்டின் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. ஜரிகை கறுத்துவிட்டது. மாமியார் கொடுத்த அரக்கு நிறப் பட்டிலும் அதே பூசணம், விரித்து உதறினால் மூக்கில் ஏறுகிறது. கல்யாண ஆல்பத்தில் போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் முகம் கிழிகிறது. எங்கள் குடும்பத்தின் பாதிச் சரித்திரம் உங்களால் போய்விட்டது என்றே சொல்வேன். இதற்கு விலை போட்டால் 2 லட்சத்துக்குக் குறையாது. வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே மூச்சு விட்டதற்கு என்ன விலை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோவை டெக்னீஷியனைப் போல. ஆகவே தயவுசெய்து கேட்கிறேன்: 17,990 ரூபாயையும், பரிசோதனைக் கட்டணம் 590 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். மெஷினை எங்கள் வீட்டு வாசலில் வந்து நீங்களே எடுத்துப் போங்கள், நான் இன்னொரு தடவை மலை இறங்க மாட்டேன். இதற்குப் பதிலாக ரோட்டர் மெஷின் தருகிறோம், மீதிப் பணம் கட்டுங்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். அதை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன்.

15 நாள் பார்ப்பேன். இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதோடும் நிற்க மாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் வழக்குப் போடலாம், உங்கள் ஹெட் ஆபீஸ் இருக்கும் ஊரைத் தேடி வர வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நானே வாதாடுவேன். நேரம் எனக்கு நிறைய இருக்கிறது. ஐஸ் கட்டிய காயிலின் வீடியோ, ஜாப் ஷீட், பல்பைக் கழற்றச் சொன்ன உங்கள் விற்பனைப் பெண் அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. அப்போது கேட்பது 17,990-ஆக இருக்காது, 2 லட்சத்திலிருந்து தொடங்கும். ஆணையத்தின் முன்னால் வந்து, வாடிக்கையாளர் ஊரை மாற்றிக்கொண்டால் எங்கள் மெஷின் நன்றாக ஓடும் என்று உங்கள் வக்கீல் சொல்வாரா பார்க்கலாம்.

இதற்குப் பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் பேசத்தான் வேண்டுமென்றால் அந்தப் பையனைத் தவிர யார் வேண்டுமானாலும் பேசலாம்.

இப்படிக்கு,
உதகமண்டலத்தில் தொடர்ந்து குடியிருக்கும்
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: அட்டைப்பெட்டி இல்லாமல் மெஷினைத் திரும்ப எடுக்க முடியாது என்று அடுத்து சொல்வீர்கள் என்பது தெரியும். பெட்டியை மெஷின் ஓடிய அதே அறையில், பரண்மேல் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பூசணம் பிடித்து அடிப்பக்கம் கையோடு பிய்ந்து வருகிறது. படம் இணைத்திருக்கிறேன். வேறு பெட்டி வேண்டுமென்றால் வருகிற ஆளையே கொண்டுவரச் சொல்லுங்கள். இ-பாஸ் எடுக்கவும் சொல்லுங்கள்.