வெள்ளம் ஏறும் காணியைப் பச்சையாகக் காட்டிய வரைபடம் பற்றிய முறைப்பாடு

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நெல் களஞ்சியம் கட்ட எந்த இடம் தோது என்று பார்த்துத் தரும்படி கணினி மொடலில் வரைபடம் போட்டுக் கொடுக்கிற உங்களிடம் மூன்று காணிகளின் விவரத்தைத் தந்தோம், பணமும் முழுதாகக் கட்டிவிட்டோம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் வாவியோரத் தென்னந்தோப்புக் காணிதான் கடும் பச்சையில் முதலிடத்தில் நிற்கிறது, 100க்கு 82 புள்ளி. மாரிக்கு அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தக் காணிக் கிணற்றின் கட்டே தெரியவில்லை, நான் அதற்கு மேலால் தோணியில் போனவன்.

போன் எடுத்துக் கேட்டால் "மொடல் அப்பிடித்தான் காட்டுது சேர்" என்கிறார்கள். இது பதிலா?

பல்கலைக்கழகத்தில் இதையே படிக்கிற என் மகள் உங்கள் பைலைத் திறந்து காட்டினாள். நீங்கள் போட்டிருப்பது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த, இலவசமாகக் கிடைக்கிற உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், உயரமும் முழு மீட்டரில்தான். அடர்ந்த மரங்கள் நின்றால் அந்த ரேடார் தரை வரைக்கும் இறங்காது. அதனால்தான் தோப்பு 9 மீட்டர், பக்கத்து வயல் வட்டை 2 மீட்டர் என்று கிடக்கிறது. தென்னை மரத்தின் தலையை மேட்டு நிலம் என்று எடுத்திருக்கிறீர்கள்! அரை மீட்டரில் வெள்ளாமை தப்புவதும் தாழ்வதும் நடக்கிற ஊர் இது, இங்கே நேரில் வந்து தரையின் உயரத்தை லெவல் பிடித்துப் பார்க்காமல் எப்படி முடிவு சொன்னீர்கள்?

அப்புறம் அந்தப் புள்ளிக் கணக்கு. வீதிக்குக் கிட்ட இருப்பதற்கு 45 வீதம், வெள்ளத்துக்கு வெறும் 10 வீதம். யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள்? மகள் தோப்பின் உயரத்தை வட்டையின் 2 மீட்டராகத் திருத்தி, வீதியை 25 ஆக்கி வெள்ளத்தை 30 ஆக்கினாள், வேறு எதையும் தொடவில்லை, தோப்புக் காணி மூன்றாமிடத்துக்குப் போய்விட்டது. இப்படிப் புரளக்கூடிய விடை என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் மணல் திட்டு மூடிக் கிடக்கிறதா, வெட்டி விட்டார்களா என்பதைப் பொறுத்துத்தான் வாவித் தண்ணீர் ஏறும், இறங்கும், அதுவும் உங்கள் மொடலில் எந்த இடத்திலும் இல்லை.

கணினி மொடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்றுதான் கூட்டத்தில் எல்லோரோடும் வாதாடி இந்தக் காசைச் செலவழிக்க வைத்தேன். முடிவை நாங்கள் எடுப்பதற்கு உதவத்தான் கேட்டோம், நீங்கள் எங்களை ஒன்றுமே கேட்காமல் முடிவையே எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மூன்று காணிக்கும் ஆள் அனுப்பி லெவல் எடுங்கள், வெள்ளம் எதுவரை வந்தது என்று வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டவிதானையார் கூடவே நடந்து காட்டுவார். புள்ளிகளை எங்கள் கூட்டத்தில் இருந்து பேசிப் போடுங்கள், மேலதிகக் காசு கேட்காமல். முடியாதென்றால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். மாரி தொடங்க முன் அத்திவாரம் போட வேண்டும், ஆகையால் 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அமைப்பின் செயலாளர்,
மட்டக்களப்பு