அச்சடித்த புராஜெக்டை இனி வாங்காதீர்கள்: ஏற்காட்டிலிருந்து ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. மே மாதக் கோடை விழாவை விட்டால் என் கல்லா நிறைவது உங்களால்தான். நீங்கள் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் கொடுக்கும் வாரங்களில் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்த வருமானத்தில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் கோரிக்கை ஒன்றோடு இதை எழுதுகிறேன். அச்சடித்த புராஜெக்டை வாங்குவதை நிறுத்துங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்கினால் மலைப்பிள்ளைகளுக்குத்தான் முதல் நஷ்டம். தாளை வாங்கி மதிப்பெண் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் பிள்ளைகள் படம் வெட்டி ஒட்டி, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவில் அலங்காரம் செய்து, அட்டை போட மட்டும் கடைக்கு வருவார்கள். அதிலும் காப்பி இருந்தது, யார் இல்லையென்றார்கள்? ஆனாலும் கையால் எழுதும்போது நாலு வரியாவது மண்டைக்குள் போகும். இப்போது செயலி எழுதித் தந்த புராஜெக்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. திறந்தால் முதல் வரியே "நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி நீர் மாசுபாடு பற்றிய கட்டுரை இதோ" என்று தொடங்குகிறது. துணைத்தலைப்புகளுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகள். கடைசி வரி, "இதை இன்னும் எளிமையாக்கித் தர வேண்டுமா?" ஒரே வகுப்புப் பிள்ளைகளின் தாள்களை அடுத்தடுத்து அச்சடிக்கும்போது முன்னுரையில் நாலைந்து சொற்கள் மாறியிருக்கும். முடிவுரையில் அதுவும் மாறியிருக்காது.

"தம்பி, இந்த முதல் வரியை எடுத்துவிடட்டுமா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் அண்ணா, அதையெல்லாம் யாரும் படிக்க மாட்டார்கள்" என்றான். திமிரில் சொன்னதாகத் தெரியவில்லை. அனுபவத்தில் சொன்னான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் வந்த ஒரு புராஜெக்டில், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலை ரயிலில் வரலாம் என்று இருந்தது. ஊட்டிக்கு ஓடும் ரயிலைச் செயலி எங்கள் மலைமேல் ஏற்றிவிட்டது! அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே சேலம் ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா? தாளை அவன் படிக்கவில்லை, அவ்வளவுதான். சில நாள் கழித்து அதே கட்டைத் தன் தம்பிக்காக இன்னொரு பிரதி எடுக்க வந்தான். ரயில் ஓடிய பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியதுதான்.

இந்தச் செயலிகள் இணையத்திலும் நூல்களிலும் உள்ள எழுத்தைக் கோடிக்கணக்கில் விழுங்கி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து வாக்கியம் கோர்ப்பவை. மலைவாசஸ்தலம் என்றால் பக்கத்தில் மலை ரயில் வந்து நிற்பது அவற்றின் கணக்கில் இயல்பு. ஆங்கிலத்தில் கிடைக்கும் எழுத்தோடு பார்த்தால் தமிழில் கிடைப்பது சொற்பம். அதிலும் எங்கள் சேர்வராயன் மலையைப் பற்றி எவ்வளவு இருக்கும்? தெரியாத இடத்திலும் தயங்காமல் சரளமாக எழுதிக்கொண்டே போகும். அந்தச் சரளம்தான் பிள்ளைகளையும் நம்மையும் ஏமாற்றுகிறது.

"அப்படியானால் தடை செய்துவிட்டால் போயிற்று" என்று உங்களில் சிலர் சொல்வது என் காதுக்கும் வந்தது. நடக்காத காரியம். இந்தச் செயலிகளில் பெயர்பெற்ற சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. மூன்றே ஆண்டில், 2025 முடிவதற்குள், ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற செயலியின் கட்டணச் சேவை ஓராண்டு இலவசம், ஜியோவில் தகுதியான திட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுளின் ஜெமினி செயலியின் கட்டணத் திட்டம் 18 மாதம் இலவசம், சாட்ஜிபிடியின் 'கோ' திட்டம் இந்தியாவில் ஓராண்டு இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். ரீசார்ஜ் செய்யும்போதே வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றைப் பள்ளிச் சுற்றறிக்கையால் வெளியே தள்ள முடியாது.

தள்ளவும் கூடாது என்பது என் கட்சி. கீழே சேலத்து அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் டியூஷன் சென்டருக்குப் பஞ்சமில்லை. கணக்கு புரியவில்லை என்றால் சைக்கிளில் போய் ஒரு சாரைப் பிடித்துவிடலாம். இங்கே? டியூஷன் வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் போய், திரும்பி வர வேண்டும். நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ இருக்கும் பிள்ளைக்கு ஏற்காடே தூரம். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள். பத்தாம் வகுப்பு இயற்பியலை வீட்டில் யாரிடம் கேட்பது? இரவு ஒன்பது மணிக்கு ஒரு வரி புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, சலிக்காமல், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காமல், ஐந்தாவது முறையும் வேறு மாதிரி விளக்கிச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்திருந்த வசதி அது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றால் இவர்களுக்கும் வாய்க்கிறது.

ஒரே கருவி ஒரு பிள்ளையை வளர்க்கிறது, இன்னொரு பிள்ளையை முடக்குகிறது. எது எப்போது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் நடத்தியது, 2024இல் வெளியானது. ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்பாட், அதாவது கேள்விக்குப் பதில் எழுதும் செயலி. கேட்டால் விடையைச் சொல்லிவிடும். இன்னொரு பிரிவுக்கு விடை சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு வடிவமைத்த சாட்பாட். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை வாங்கிப் பழகிய பிரிவு, எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. துப்பு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இதில் என்னைக் கலக்கியது வேறொன்று: மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றுக்கொண்டோம் என்பதே தெரியவில்லை.

'வேகமாகப் படிக்கலாம்' என்று இந்தச் செயலிகளை விற்கிறார்கள். வேலை வேகமாக முடிகிறது என்பது உண்மை. படிப்பும் முடிந்ததா என்பது பொதுத்தேர்வு அறையில், போன் இல்லாமல், வினாத்தாளைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

நிஜமாகவே வேகம் கூடுவதையும் என் கடை பெஞ்சில் பார்க்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் வருவாள். மற்றவர்கள் விடைகளை அச்சடிக்க, இவள் கேள்விகளை அச்சடிப்பாள். பாடப்புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்துச் செயலியிடம் கொடுத்து, "இதிலிருந்து கேள்வி கேள், விடை சொல்லாதே, தப்பு செய்தால் எங்கே தப்பு என்று மட்டும் காட்டு" என்று தட்டச்சு செய்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். போன் அப்பாவுடையது, அவர் தரும் நேரத்தில் கேள்விகளை வாங்கிக்கொள்வாள், மறுநாள் கடையில் ஒரு தாளாக அச்சடித்து, பஸ் வரும்வரை ரஃப் நோட்டில் விடை எழுதுவாள்.

ஒருநாள் வேதியியலில் மோல் கணக்கு. 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள்? 6.022-ஐ எழுதி, பத்தின் அடுக்கு 23 போட்டுவிட்டாள். அடுத்த கேள்வி 9 கிராம், அதில் பாதி. அதற்கடுத்த கேள்வியில் மூலக்கூறு இல்லை, 18 கிராம் தண்ணீரில் எத்தனை அணுக்கள் என்று இருந்தது. முதலில் பழைய விடையையே எழுதினாள். அப்புறம் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்து, அடித்துவிட்டு, பக்கத்தில் எச்2ஓ என்று எழுதி, ஒரு மூலக்கூறில் மூன்று அணு என்று எண்ணி, மூன்றால் பெருக்கினாள். அந்த அடித்தல்தான் படிப்பு என்பேன். விடையை அச்சடித்து வாங்கிப் போனவர்களின் தாளில் அடித்தல் ஒன்றுகூட இருப்பதில்லை.

படித்ததையே திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடி நினைவுபடுத்திப் பார்ப்பது நிலைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் தாத்தா காலத்து வாத்தியார்கள் ஒப்பிக்கச் சொன்னதில் பாதி இதுதான். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். அந்தப் பெண் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் அவள் செய்வது அதைத்தான், செயலியை வைத்து.

உங்களிடம் நான் கேட்பது சின்ன மாற்றம். வளரறி மதிப்பீட்டுக்கோ அகமதிப்பீட்டுக்கோ கட்டுத்தாள் கேட்பதற்குப் பதிலாக, பிள்ளையை எழுப்பி நிறுத்தி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். வீட்டில் எந்தச் செயலியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் படித்துக்கொண்டு வரட்டும். பேசி முடித்ததும் நீங்கள் ஒரே ஒரு 'ஏன்?' கேளுங்கள். ரயில் விட்ட பையன் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவான்.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றலாம். நீர் மாசுபாடு பற்றி உலகமே கட்டுரை எழுதியாகிவிட்டது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏன் ஏற்றுகிறார்கள், மார்ச், ஏப்ரலில் மழை தவறினால் காப்பிப் பூவுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், பிள்ளை தன் வீட்டிலேயே விசாரிக்க வேண்டியிருக்கும். படிப்பில்லாத அப்பா அன்றைக்கு வாத்தியார் ஆகிவிடுவார். தாவரவியலா? இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் நம் ஊரிலேயே இருக்கிறது; பூச்சியைப் பிடிக்கும் குடுவைத் தாவரத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம். குடுவை என்பது இலையின் எந்தப் பகுதி என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரைவதற்கு முன் பிள்ளை செயலியிடம் நூறு சந்தேகம் கேட்டாலும் லாபம்தான்.

"ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பீர்கள். நியாயம். உங்கள் தலையில் ஏற்றப்படும் பதிவு வேலைகளில் கொஞ்சத்தை நானும் இந்தக் கடையில் அச்சடித்துத் தருகிறேன், அளவு தெரியும். பாடக்குறிப்புகளைச் செயலியில் எழுதி வாங்கும் ஆசிரியர்களும் உண்டு. அந்தத் தாள்களிலும் இரட்டை நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை. அப்படி மிச்சமாகும் நேரத்தில் தினம் ஐந்து பிள்ளைகள் பேசினால், இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். ஐம்பது கட்டுகளைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவதைவிட இது அதிகச் சிரமம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கருவியைப் பயன்படுத்தும் வழியை ஒருமுறை காட்டிவிடவும் வேண்டும். 2025 ஜூலையில் சாட்ஜிபிடி, விடையை நேரடியாகக் கொட்டாமல் படிப்படியாகக் கேள்வி கேட்டு நடத்தும் 'ஸ்டடி மோட்' கொண்டுவந்தது. அடுத்த மாதமே ஜெமினியிலும் அதுபோன்ற ஒன்று வந்தது. பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாது. கூகுளின் நோட்புக்எல்எம் என்ற செயலியில் அரசுப் பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பை ஏற்றிவிட்டால், அந்தப் புத்தகத்தை வைத்தே பதில் சொல்லி, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். தவறே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிபார்க்கப் பக்கம் கையில் இருக்கும். பாடப்புத்தகப் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது.

அரசுப் பள்ளிகளின் கணினி அறையான ஹைடெக் லேபில் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே கைகொடுக்கும். பள்ளி விட்ட பிறகு மட்டும் வைக்காதீர்கள். செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்த வண்டிக்கு இருட்டும்வரை நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளை அதற்கு வீட்டில் விடமாட்டார்கள். மதியத்துக்கு முன் ஒரு பாடவேளை பாருங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டு ஜெராக்ஸ் கடைக்காரன்