தண்ணீர் லாரி அண்ணனுக்கும், அன்றிரவு கூட நின்ற எல்லோருக்கும்

படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்லி 6 மணி நேரம் ஆகிறது. இன்னும் தூங்கவில்லை. தூங்கி எழுந்தால் மனம் ஆறிவிடும். ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். காற்று, கிரேன், கையில் மிச்சமிருந்த ஒரே இரவு. அதை மறுபடி சொல்லப்போவதில்லை. காற்றில் கிரேனை இறக்க, நிலவாக உயரத்தில் நின்ற 18 கிலோவாட் எச்எம்ஐ விளக்கு தரைக்கு வந்தபோது, ஒளிப்பதிவாளனாக நான் வாரக்கணக்கில் போட்டு வைத்த கணக்கும் அதோடு இறங்கிவிட்டது.

அகலமான இரவுக் காட்சிக்கு ஒரு நிலாதான் இருக்கலாம். இரண்டு பக்கம் இரண்டு விளக்கு வைத்தால் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. அந்த ஒரு விளக்கும் தள்ளி இருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடுகிறது. அதனால் விளக்கு கிட்ட இருந்தால் அதன் அருகே நிற்பவர் வெளுத்துப்போவார், கொஞ்சம் விலகி நிற்பவர் இருட்டில் காணாமல் போவார். உயரமும் தூரமும் சேர்ந்தால்தான் வெட்டவெளி முழுக்க ஒரே நிலவு காயும். என்னிடம் மிச்சமிருந்தது தாழ்வான ஸ்டாண்டில் ஒரு 9 கிலோவாட், கேமராவுக்கு நேர் எதிரே, மைதானத்தின் அந்தக் கோடியில். ஆட்களின் தோளிலும் தலைமுடியிலும் வெளிச்சக் கோடு விழுந்தது. தரை மட்டும் கரும்பள்ளமாகக் கிடந்தது.

அண்ணே, நீங்கள் வந்தது அப்போதுதான்.

உங்கள் வேலை 12 மணிக்கே முடிந்துவிட்டது. முதலில் அடித்த தண்ணீரை மண் குடித்துவிட்டிருந்தது. இன்னொரு தடவை நனைக்க முடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களாக வந்து, "கேபிள் எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டச் சொல்லுங்க சார், அந்தப் பக்கம் விடாம அடிக்கிறேன்" என்றீர்கள். லைட்மேன்கள் கேபிளையெல்லாம் பலகைமேல் ஏற்றி முடிக்கும்வரை குழாயைத் திறக்கவில்லை. பிறகு அத்தனை தூரம் நடந்து கேமரா பக்கத்தில் வந்து நின்றீர்கள். "கொஞ்சம் நான் பாக்கலாமா?"

நான் நகர்ந்துகொண்டேன். அரை நிமிடம் இருக்கும். "லாரிகிட்ட நின்னா எல்லாம் கருப்பாத்தான் தெரியுது. இங்க வந்தாத்தான் மின்னுது" என்றீர்கள்.

இத்தனை வருடத்தில் இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எதிரிலிருந்து வரும் வெளிச்சம் ஈரத்தரையில் சாய்வாகப் பட்டு, கண்ணாடியில் பட்டதுபோல லென்ஸை நோக்கிக் கிளம்புகிறது. விளக்கின் பக்கம் நிற்பவருக்கு அதே ஈரம் வெறும் இருட்டு. தண்ணீர் அடிப்பவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார். தான் செய்த வேலை என்னவாகிறது என்று பார்க்காமலே லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நீங்கள் மூன்று இடத்தைக் கைகாட்டினீர்கள், "அங்கல்லாம் காஞ்சு போச்சு" என்று. அதில் இரண்டு நான் கவனிக்காதவை. "ரொம்ப ஊத்தினா சேறாயிடும், ஓடுறவங்க வழுக்கி விழுந்துடுவாங்க" என்று சொல்லி, ஹோஸைக் கையில் பிடித்துத் தூறலாகத் தெளித்தீர்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ஃப்ரேமுக்கு வெளியே சுற்றி வந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய்த் தெளித்தீர்கள். நான்கு டேக். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. நான்காவதில் தரை கடைசிவரை வெள்ளிப் பாளமாகக் கிடந்தது; அதன்மேல் ஓடியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிந்தார்கள். இறங்கிய விளக்கு கொடுக்க வேண்டியதை ஈரமண் கொடுத்தது.

பெயரைப் போடட்டுமா என்று காலையில் கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். போடவில்லை.

அந்தக் காற்றில் ஒரு வார்த்தை சத்தம் போடாமல் கிரேனை இறக்கிய லைட்மேன்களுக்கு நன்றி. சத்தம் மைக்குக்கு எட்டாத தூரத்தில் ஜெனரேட்டரை நிறுத்தி, அதற்காகக் கூடுதல் கேபிளை இழுத்துத் தோள் கடுத்தவர்களுக்கு நன்றி. நிற்காமல் பறந்த புகையோடு மல்லுக்கட்டிய தம்பிகளுக்கும், பின்னணி ஜன்னல்களில் மஞ்சள் பல்பு மாட்டி எனக்கு ஆழம் கொடுத்த ஆர்ட் டிபார்ட்மெண்டுக்கும், ஈர உடையில் நான்கு முறை ஓடிய எல்லோருக்கும், ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்காத இயக்குநருக்கும் நன்றி. உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். இன்று முடியவில்லை, மன்னியுங்கள்.

வெளிச்சத்தை மறைக்கும் கட்டரை மணிக்கணக்காகப் பிடித்து நிற்கும் பையன், அந்த நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாமலே நிற்கிறான். அப்படித்தான் நான் எல்லோரையும் நிறுத்தியிருக்கிறேன். இனி என் யூனிட்டில் முதல் ஷாட்டுக்கு முன்னால் விளக்கு, கேபிள், தண்ணீர், புகை என்று அதில் கை வைக்கும் எல்லோரும் ஒருமுறை மானிட்டர் முன் வந்து நிற்பார்கள். 10 நிமிடம் போகும். போகட்டும், அந்த 10 நிமிடத்தை நான் கேட்டு வாங்குவேன்.

அண்ணே, அந்த ஷாட் 17 நொடி ஓடுகிறது. எடிட்டில் உட்கார்ந்ததும் உங்களுக்குத்தான் முதல் போன்.