கவர் பாட்டுப் பதிய முதலில் வேண்டியது மைக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை விட்டால் மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு டெப்பும் (டெப்லட்), பிறர் பாட்டைத் தாம் பாடிப் பதியும் கவர் பாட்டும்தான். முதல் பாட்டில் குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபட்டால் பழி டெப்பின் மேல் விழுகிறது, அடுத்த பேச்சு, "நல்ல மைக் ஒன்று வேணும்." பெற்றோர் கடைக்கு ஓடுமுன் பிள்ளை காதில் எதை மாட்டியிருக்கிறது என்று பார்க்கட்டும். பெரும்பாலும் அது புளூடூத்தாக இருக்கும்.

புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்துசேர 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை பிந்தும். நிமிடத்துக்கு 110 தாள அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 545 மில்லிசெக்கன்தான். அதில் 200 பிந்தினால் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விட்டது. பிள்ளை கேட்டதற்குச் சரியாகத்தான் பாடும், பதிவில் மட்டும் பிசகும். எனவே வயர் ஹெட்போன். அதிலும் வயரில் மைக் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மைக் இருந்தால் டெப் தன் மைக்கை விட்டு அதைத்தான் எடுக்கும். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும்.

வயர் போட்டாலும் பழைய ஆண்ட்ராய்டு டெப்களில் கொஞ்சம் பிந்தும். அளந்து பார்க்கலாம்: மெட்ரோனோமை (அடிக்கு அடி 'டிக்' என்று தட்டும் தாளக் கருவியை) ஓடவிட்டு, ஹெட்போனின் ஒரு காதை டெப்பின் மைக் துளையோடு அழுத்திப் பிடித்து, நாலு பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) பதியுங்கள். பதிந்த 'டிக்' திரையிலுள்ள அடிக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் குரல் ட்ரக்கை (குரல் பதிந்த வரிசையை) இடப்பக்கம் இழுத்துவிட்டால் போதும்.

ஐபாடில் கராஜ்பேண்ட் என்ற இசைப்பதிவு அப் பாவிப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. புதுப் பாட்டைத் திறந்தால் வேகம் 110, நீளம் 8 பார் என்றே வரும். நாலடித் தாளத்தில் 8 பார் என்றால் 17 செக்கன். பல்லவி முடியுமுன்னே பதிவு முதலாம் பாருக்குத் திரும்பிவிடும், "அப் பழுதாப் போச்சு" என்று அழுகை வரும். வலப்பக்க மேல் மூலையிலுள்ள சிறிய கூட்டல் குறியைத் தொட்டு, செக்‌ஷன் நீளத்தை ஓட்டோமட்டிக் ஆக்குங்கள். ஆண்ட்ராய்டுக்குக் கராஜ்பேண்ட் இல்லை. பேண்ட்லாப் என்ற அப் இரண்டிலும் இலவசமாக ஓடும்.

வேகத்தை மூலப்பாட்டைக் கேட்டு 30 செக்கன் அடி எண்ணி, இரண்டால் பெருக்கி எடுங்கள். ஆனால் பழைய சினிமாப் பாட்டை ஒரு ட்ரக்கில் போட்டு அதன்மேல் வாசிக்க வேண்டாம். வாத்தியக்காரர்கள் ஒன்றாக இருந்து மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த பாட்டுகள் அவை. பல்லவி 104 இல் தொடங்கிச் சரணம் 106 க்கு ஏறியிருந்தாலே 16 பாருக்குள் அரைச் செக்கனுக்கு மேல் விலகிவிடும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டென்றால் தொடங்கும்போதே 6/8 ஐத் தெரிவு செய்யுங்கள். 4/4 டிரம்மை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

சுருதியைப் பல்லவியை வைத்துத் தீர்மானிப்பவர்கள் சரணத்தில் கத்துவார்கள். பாட்டின் ஆக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பார்த்து, அது வலியாமல் வருகிற கட்டையை (சுருதி அளவை) பிடியுங்கள். கீபோர்டில் 1 கட்டை சி, 2 டி, 5 ஜி. பெண்குரல் 5 கட்டையில் பாடிய பாட்டை ஆண்பிள்ளை பாட 5 அரைச்சுரம் (கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி 5 விசை) இறக்கினால் 2 கட்டை. ஓட்டோடியூனை மூடியே வையுங்கள். அது குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து ஒட்டுவது. நம் பாட்டின் கமகமும் (சுர அசைவும்) பிருகாவும் (வேகச் சுர உருட்டலும்) அதற்குப் பிழையாகத் தெரியும், வழுக்கி இறங்கவேண்டிய இடம் படிக்கட்டாகிவிடும்.

பதியும்போது ஃபேன் நிற்கட்டும். டெப்பின் உறை மைக் துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வரும் இடத்தில் காற்று அடிக்காது. உரத்த இடத்திலும் அளவுகோல் சிவப்பைத் தொடக்கூடாது; ஒருதரம் வெடித்த ஒலியைப் பிறகு திருத்தமுடியாது. துணிகள் தொங்கும் அறை நல்லது. வைகாசிச் சடங்கு நாட்களில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பதிவைத் தள்ளிப்போடுவதே புத்தி.

முடிந்த பாட்டை வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். யூடியூப்பில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரலாம்: வாத்தியம் முழுவதையும் நீங்களே வாசித்தாலும் மெட்டும் வரியும் வேறொருவருடையவை, இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவற்றைக் காக்கிறது. இயற்றியவர் பெயர் தெரியாத நம் பழைய வசந்தன் கூத்துப் பாட்டுகளுக்கும் தாலாட்டுகளுக்கும் அப்படி உரிமை கோரத் தனி ஒருவர் இல்லை; ஆனால் வணிகத்துக்குப் பாவித்தால் அதே சட்டம் நாட்டார் கலைகளையும் காக்கிறது. வேறொருவர் பாடிப் பதிந்த ஒலியை வெட்டி ஒட்டாமல் நீங்களே பாடவும் வேண்டும்.

இசைப்பதிவுப் பயிற்றுநர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.